கணக்குக்கட்டு முதல் டேட்டாபேஸ் வரை: சான்றிதழ் யாருக்குக் கதவு திறந்தது?

தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டான். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கோர்ஸ் படிச்சு ஆரக்கிள் சர்டிபிகேட் வாங்கினா வேலை நிச்சயம்னு சொல்றாங்க. நகையை வச்சுத்தான் பணம் கட்டணும். கட்டலாமா?"

கட்டு, கட்டாதே என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எந்தச் சான்றிதழ் நம் மக்களுக்கு வேலை வாங்கித் தந்தது, எது கடனை மட்டும் தந்தது என்று அந்த வரலாற்றைப் பார்த்தால் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் நல்லது.

கணக்குக்கட்டு யார் கையில் இருந்தது?

தரவுத்தள நிர்வாகி, அதாவது டிபிஏ, என்ன வேலை செய்கிறார்? வங்கியின் கணக்கு, நிறுவனத்தின் சம்பளப் பட்டியல், அரசுத் துறையின் பட்டா விவரம், ரேஷன் அட்டை, ஓய்வூதியம் என்று எல்லாம் இன்று தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதைக் காப்பவர் அவர். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பவரும் அவரே. தவறாமல் நகல் எடுத்து வைப்பார். சர்வர் விழுந்தால் நகலிலிருந்து மீட்டெடுப்பார். ஊர்ப் பேச்சில் சொன்னால், கணக்குக்கட்டும் பெட்டிச் சாவியும் அவரிடம் இருக்கின்றன.

இந்தச் சாவி நம் ஊர்களில் யாரிடம் இருந்தது? கர்ணத்திடம், கணக்குப்பிள்ளையிடம். பெரும்பாலும் பார்ப்பனர், வேளாளர், கணக்கர் குடும்பங்கள். அப்பன் எழுதிய அடங்கலை மகன் எழுதினான். வெள்ளைக்கார அரசு இதை மாற்றவில்லை. 1895ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பரம்பரை கிராமப் பதவிகள் சட்டம் அதற்குச் சட்ட உரிமையே கொடுத்தது. கர்ணத்தின் பதவியும் பரம்பரை, சேரியிலிருந்து வந்த வெட்டியின் வேலையும் பரம்பரை. நிலத்தை அளக்கும்போது சங்கிலி பிடித்தவன் நம் பாட்டன். அளந்ததை எழுதியவன் வேறொருவன்.

எழுதுபவன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதற்குப் பஞ்சமி நிலத்தைவிடச் சான்று வேண்டியதில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. அந்த நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது? அடித்துப் பிடுங்கியது ஒரு பங்கு. பதிவேட்டில் நிபந்தனையை எழுதாமல் விட்டது, பெயரை மாற்றி எழுதியது இன்னொரு பங்கு. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசையும் ஏழுமலையையும் பறிகொடுத்தோம்.

பரம்பரை முறையை முதலில் ஆட்டியது நீதிமன்றம். கிராமப் பதவிக்குப் பரம்பரையைக் காரணமாக்குவது அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருபதாண்டு கழித்து, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்கு வந்தவர் கிராம நிர்வாக அலுவலர், விஏஓ. பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தால் போதும். டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்தும். இடஒதுக்கீடு உண்டு. சேரியில் பிறந்தவர் ஊர்க்கணக்கை எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தது அப்படித்தான். கர்ணத்துக்கு மனம் மாறியதால் நடந்ததல்ல அது. தேர்வும் இடஒதுக்கீடும் சேர்ந்ததால் நடந்தது.

லோயர், ஹையர்

விஏஓவுக்கும் முன்பே நம் மக்கள் பிடித்த சான்றிதழ் ஒன்று உண்டு. அது தட்டச்சு. ஒவ்வொரு சிறு நகரத்திலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஒரு தட்டச்சுப் பயிலகம் இருந்தது. தினம் ஒரு மணி நேரம், சிறிய மாதக் கட்டணம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். பயிலகம் தனியாருடையது. ஆனால் தேர்வை நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. பெரிய நகரத்தில் படித்தவனுக்கும் சின்ன ஊரில் படித்தவளுக்கும் ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ்.

அந்தக் காகிதத்தை அரசு ஏற்றுக்கொண்டது. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அது தகுதி. அந்தப் பணியிடத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் இடம் இருந்தது. 2009க்குப் பிறகு அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். நம் குடியிருப்புகளில் அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் தட்டச்சு இயந்திரத்தின் வழியாக வந்தவர்கள் என்று தெரியும்.

இங்கே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வோம். தேர்வைப் பொதுவான ஓர் அமைப்பு நடத்தியது. கட்டணம் கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டியது. சான்றிதழுக்கு அந்தப் பக்கம் இடஒதுக்கீட்டோடு ஒரு வேலை இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் நாம் நுழைந்தோம்.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே பார்த்தவர். 1942இல் வைசிராய் லின்லித்கோவுக்குக் கொடுத்த கோரிக்கை மனுவில் அவர் வெறும் கலைப் படிப்பைக் கேட்கவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசு பணம் கொடுக்க வேண்டும் என்றார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்றார். அன்றைக்குப் புதுத் தொழில்நுட்பம் அவைதாம். கூடவே மத்திய அரசுப் பணிகளில் பங்கும் கேட்டார். 1943இல் மத்தியப் பணிகளில் 8⅓ சதவீத ஒதுக்கீடு வந்தது. 1944இல் பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைத் திட்டம் வந்தது. பயிற்சி, அதற்குப் பணம், அதன் முடிவில் வேலை என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டவர் அவர்.

கணினி வந்தபோது

இனி டேட்டாபேஸ் கதைக்கு வருவோம். 1970இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணித அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக வைத்து உறவுபடுத்தும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்றைய எஸ்கியூஎல் எல்லாம் அதன் வழி வந்ததே. அந்தக் கருத்தை எடுத்து வணிகம் செய்ய 1977இல் லாரி எல்லிசனும் இரண்டு கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு ஆரக்கிள் ஆனது. 1979இல் முதல் விற்பனைப் பதிப்பு வந்தது.

அப்போது இந்தியாவில் கணினி பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது. 1978இல் ஐபிஎம் வெளியேறியபோது அதன் எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது சிஎம்சி என்ற பொதுத்துறை நிறுவனம். டெல்லியில் 1980களின் நடுவில் ரயில் முன்பதிவைக் கணினிக்கு மாற்றியதும் அதுவே. பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு சட்டப்படி உண்டு. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தைக் காலியாக விடும் பழைய தந்திரமும் பொதுத்துறையில் உண்டு. ஆனாலும் பின்னடைவுப் பணியிடம் எத்தனை என்று கேட்க நமக்கு உரிமை இருந்தது. 2001இல் அரசு சிஎம்சியின் 51 சதவீதப் பங்கை டாடாவுக்கு விற்றது. பொதுத்துறை என்ற பெயர் போனதோடு இடஒதுக்கீட்டுக் கடமையும் போயிற்று. கேட்கும் உரிமையும் போயிற்று.

படிப்பும் அதே பாதையில்தான் போனது. 1981இல் என்ஐஐடி, 1986இல் ஆப்டெக். சென்னையில் எஸ்எஸ்ஐ, ரேடியண்ட். 1990களில் மூலைக்கு மூலை விளம்பரப் பலகை. ஒய்2கே காய்ச்சலும் அமெரிக்கக் கனவும் சேர்ந்த காலம் அது. தட்டச்சுக்கு மாதக் கட்டணம் கட்டிய தெருவில் கணினிக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். நாற்று நடும் பெண்ணின் நாள்கூலி அன்று பத்துகளில் எண்ணப்பட்டது. நம் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்த வகுப்புகளுக்குக் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு படித்தால்தான் கிடைக்கும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1990இல் டோயக் திட்டம் வந்தது. ஓ, ஏ, பி, சி என்று நான்கு நிலை. 2011இல் அந்த அமைப்பு நைலிட் என்று பெயர் மாறியது. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு ஓராண்டு ஓ லெவல் படிப்பை மாத உதவித்தொகையோடு இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் உண்டு. நல்லதுதான். ஆனால் ஓ லெவல் என்பது அடிப்படைப் படிப்பு. அது அலுவலக உதவியாளரின் கணினிக்கு அழைத்துப் போகும். சர்வர் அறையின் சாவி வரைக்கும் அழைத்துப் போகாது.

விற்பவனே தேர்வு வைத்தால்

சர்வர் அறைக்கான சான்றிதழை அரசு கொடுக்கவில்லை, பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை. மென்பொருளை விற்கும் நிறுவனமே கொடுத்தது. 1990களின் இறுதியில் ஆரக்கிள் டிபிஏ சான்றிதழான ஓசிபி வாங்க ஐந்து தாள் எழுத வேண்டும். எஸ்கியூஎல், கட்டமைப்பும் நிர்வாகமும், பேக்கப்பும் ரெகவரியும், வேகச் சீரமைப்பு, நெட்வொர்க். ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம். தோற்றால் மறுபடி முழுப் பணம். எல்லாம் ஆங்கிலத்தில்.

இதிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. நூலகப் புத்தகத்தையும் நண்பனின் கணினியையும் வைத்துத் தானாகப் படித்தவர் நேரே போய் எழுதலாம். தட்டச்சில் தனித்தேர்வர் எழுதுவதுபோல. 2002இல் 9ஐ பதிப்புச் சான்றிதழோடு அதையும் சுருக்கினார்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது, ஆரக்கிள் ஏற்றுக்கொண்ட வகுப்பு ஒன்றிலாவது பணம் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. இதற்கு அவர்கள் சொன்ன காரணம் தரம். உண்மையில் ஒரு காரணமும் இருந்தது. கேள்விகளை மனப்பாடம் செய்யும் 'டம்ப்' வியாபாரத்தால் சான்றிதழின் மதிப்பு விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட மருந்து, பணம் இல்லாமல் தானே படித்தவரையும் சேர்த்து வெளியே நிறுத்தியது.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் புதிதாக வருபவனிடம் எந்த வங்கியும் தன் தரவுத்தளத்தைக் கொடுக்காது. 'மூன்று ஆண்டு அனுபவம் தேவை' என்பார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும்? இரவு நேரக் கண்காணிப்பு வேலையில், சப்போர்ட் பிரிவில். அங்கே நுழைய உள்ளே இருக்கும் யாராவது பெயரைச் சொல்ல வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு இது ஒரு போன் கால். நம் பிள்ளைக்கு?

டிபிஏ வேலை நம்பிக்கையின் வேலை. யாரை நம்புவது என்பதில் இந்தச் சமூகம் எப்போதும் சாதி பார்த்திருக்கிறது. இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டீவெலும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்டவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு, அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்றவர்களே, 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை என்ற கேள்விக்குச் செருப்புத் தைக்கிறார் என்று பதில் சொல்லும் பிள்ளையிடம் எந்தத் திறமையை அளப்பார்கள்?

பயிற்சி தருகிறோம், வேலை கேட்காதே

2004இல் மத்தியில் ஆட்சிக்கு வந்த கூட்டணி, தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எடுத்தது. முதலாளிகள் சங்கங்கள் பதறின. 2006இல் சிஐஐயும் அசோசாமும் ஜே.ஜே.இரானி தலைமையில் குழு அமைத்துப் பதில் சொன்னார்கள். சட்டம் வேண்டாம், பயிற்சியும் உதவித்தொகையும் நாங்களே தருகிறோம் என்பதே சாரம். நம் பிள்ளைக்குத் திறமை குறைவு, அதை முதலில் சரிசெய்வோம் என்பது அதன் உள்ளர்த்தம்.

அந்தக் காலத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் பெங்களூரு ஐஐஐடியுடன் சேர்ந்து, பொறியியல் முடித்தும் வேலை கிடைக்காத பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குச் சில மாதப் பயிற்சி நடத்தியது. பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் ஐடி நிறுவனங்களில் வேலைக்குப் போனார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? மூளையில் குறை இல்லை. இடையில் ஒரு பாலம் இல்லை, அவ்வளவுதான். பாலம் போட்டுப் பார்த்து அது நிற்கிறது என்று தெரிந்த பிறகும், நாடு முழுக்க அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வரவில்லை. பயிற்சி தொண்டாகவே நின்றுவிட்டது, உரிமையாக மாறவில்லை.

வீடு காலியாகும்போது திறக்கும் கதவு

2017இல் ஆரக்கிள் 'தன்னாட்சித் தரவுத்தளம்' ஒன்றை அறிவித்தது. நகல் எடுப்பது, திருத்தம் போடுவது, வேகத்தைச் சீர்செய்வது எல்லாம் எந்திரமே செய்யும் என்றார் எல்லிசன். அமேசான் 2009இலேயே தரவுத்தளத்தை வாடகை மேகச் சேவையாகத் தந்துவிட்டது. பழைய டிபிஏ வேலையில் பாதி அங்கேயே கரைந்தது. அதன்பின் 2020இல், கொரோனா ஊரடங்கின்போது, மேகச் சேவைக்கும் அந்தத் தன்னாட்சித் தரவுத்தளத்துக்கும் பயிற்சியையும் தேர்வையும் ஆரக்கிள் சில வாரங்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. அந்த வாரங்களில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? ஆதிதிராவிடர் விடுதிகள் மூடியிருந்தன. வீட்டில் லேப்டாப் இல்லை, ஒரு செல்போனை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள்.

அதனால் இந்தத் துறையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மாறாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டின் பட்டாவும் சிட்டாவும் இன்று 'தமிழ்நிலம்' என்ற கணினிப் பதிவில் இருக்கின்றன. பஞ்சமி நிலம் என்ற சொல் அந்தப் பதிவில் நிற்குமா, ஒரு பெயர் மாறினால் யார் மாற்றியது என்ற தடம் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்தத் தரவுத்தளத்தை வடிவமைப்பவரும் காப்பவரும்தான். கர்ணத்தின் கணக்குக்கட்டு இப்போது அங்கே இருக்கிறது. அந்த அறையில் நம் ஆள் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். முதலில் எஸ்கியூஎல், லினக்ஸ் இரண்டையும் நன்றாகப் படியுங்கள். போஸ்ட்கிரஸ் இலவச மென்பொருள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. அதை ஒரு பழைய கணினியில் போட்டு, நீங்களே கெடுத்து, நீங்களே நகலிலிருந்து மீட்டுப் பழகுங்கள். நேர்காணலில் கேட்பது அதைத்தான். சான்றிதழ்த் தேர்வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், வேலையின் பக்கம் போன பிறகு எழுதலாம். 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற பலகையைப் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு போன் காலை நம் பிள்ளைகளுக்காக நீங்கள் செய்யுங்கள். மற்ற சாதிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான் அது.

ஆனால் தனி ஆள் முயற்சியை மட்டும் நம்பிய காலங்களில் நாம் அதிகம் நுழையவில்லை என்பதே மேலே பார்த்த வரலாறு. ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, தொழில்நுட்பச் சான்றிதழ்களுக்கான பயிற்சியும் தேர்வுக் கட்டணமும் உதவித்தொகைக்குள் வர வேண்டும். தேறாதவருக்கு இரண்டாம் முறைக்கும் சேர்த்து. இரண்டு, தட்டச்சுக்குத் தேர்வு நடத்திய அதே அரசு, தரவுத்தள நிர்வாகத்துக்கும் திறந்த மென்பொருளை வைத்து, தமிழிலும் எழுதக்கூடிய பொதுத் தேர்வு நடத்த வேண்டும். மூன்று, அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் பார்த்துக்கொள்ளும் இடங்களில் இடஒதுக்கீடு இல்லை. அந்த ஒப்பந்தங்களிலேயே அதை நிபந்தனையாக எழுத வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு அது முதல் படியாக இருக்கட்டும்.

பயிற்சி, பணம், வேலை. 1942இல் அண்ணல் மூன்றையும் சேர்த்தே கேட்டார். நம்மிடம் முதலாவதை மட்டும் நீட்டுகிறார்கள், அதையும் விலைக்கு. மீதி இரண்டையும் கேட்காமல் எந்தச் சான்றிதழையும் நம் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம்.